கவிழ்த்து வைத்த குளம்படி

ஆகஸ்டு மாதத்துக் குளிர்காலத் தூறல் பாசோ தெல் தாலா கிராமத்துக்கு வந்தால் மூன்று நாளைக்கு இடத்தைக் காலி செய்யாது. அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாம் நாள். நெலிதா ஆட்டுக்கொழுப்பைக் காயவைத்து, மழைக்கென்றே உள்ள மாவு வட்டங்களைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் எலாதியோ தேச்சேரா கொட்டகை வாசலில் கைகட்டி நின்று, கால்நடை டாக்டரின் வண்டி சேற்றில் உறுமி உறுமி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கித் தள்ளிவிடத் தோன்றவில்லை. டாக்டரைக் கூப்பிட்டது அவரல்ல. மகள் மிர்த்தா.

பக்கத்துப் பெரிய பண்ணைக்குச் சினை பார்க்க டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு சாலை வரைக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எலாதியோவுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. சுற்றுவட்டாரத்தில் குதிரை நொண்டினால் ஆட்கள் அவரிடம்தான் வருவார்கள். தூரத்தில் குதிரை வரும்போதே, எந்தக் கால், எந்த இடம் என்று சொல்லிவிடுவார். லாடமும் அவரே அடிப்பார். இருபது வயதில் ஒரு பண்ணை மேஸ்திரி சொன்ன வாக்கு அவருக்கு வேதம். குளம்பின் நுனி நீளமாக இருந்தால் குதிரை வைக்கும் எட்டும் நீளமாக விழும். அந்த நீளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி அடித்துக் கொடுப்பார்.

கலாந்திரியா அவருடைய சொந்தக் குதிரை. எட்டு வயதுப் பழுப்புப் பெட்டை. ஜூன் மாதம் ஒரு விடியலில் மிர்த்தாவுக்கு உதிரம் போனது. மருமகன் வில்மார் சேணம்கூடச் சரியாகக் கட்டாமல் கலாந்திரியாவின் மேல் பாய்ந்து, வெள்ளம் ஓடிய ஆற்றுத் துறையைக் கடந்து, போன் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆம்புலன்சைக் கூப்பிட்டான். கரு தங்கியது. துறைக்கல்லில் குதிரை ஒரு முறை வழுக்கியது என்று அவனே வந்து சொன்னான். மறுநாளிலிருந்து அது எட்டைக் குறுக்கி நடந்தது.

எலாதியோ பத்தடி தள்ளி நின்று பார்த்தார். "இடது தோள்சப்பை. நெஞ்சு விரிஞ்சுபோச்சு" என்றார். நெஞ்சு விரிந்த குதிரை என்றால் அந்தப் பக்கத்தில் முடிந்துபோன குதிரை என்று பொருள்.

அடுத்த சனிக்கிழமை கன்றுகளுக்குக் குறி சுடும் நாள். பதினைந்து பேர் தீயைச் சுற்றி நின்றார்கள். எலாதியோதான் மாத்தே என்கிற கசப்பு இலைச் சாற்றை ஊற்றினார். ஒரே சுரைக்குடுவை, ஒரே குழல். ஊற்றுகிறவர் நிரப்பிக் கொடுக்க, உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கை கையாகப் போன குடுவை வில்மார் முறைக்கு வந்தபோது, எலாதியோ அதை நிரப்பி, அவனைத் தாண்டி, அடுத்து நின்ற எர்மெஸ் பின்தோஸிடம் நீட்டினார். எர்மெஸ் வாங்கலாமா கூடாதா என்று ஒரு கணம் தடுமாறி வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் எலாதியோ, குதிரையின் நெஞ்சைக் கிழிப்பவன் நடந்து போகட்டும் என்று தீயைப் பார்த்துச் சொன்னார். வில்மார் நடந்துதான் போனான். திங்கட்கிழமை பஸ் ஏறி வடக்கே பைன் மரம் வெட்டும் வேலையில் சேர்ந்துவிட்டான்.

அதன் பிறகு எலாதியோ வைத்தியம் பார்த்தார். இடது தோளில் டர்பன்டைன் கலந்த மருந்தைத் தேய்த்துத் தோலைக் கொப்பளிக்க வைத்தார். வழிவழியாகச் செய்கிறபடி, குதிரை நொண்டி நடந்த ஈர மண்ணில் இடது முன்னங்காலின் குளம்படித் தடத்தைக் கத்தியால் நாலு பக்கமும் கீறி, புல்லோடு பெயர்த்து, சிலுவை போட்டு, கொட்டகை இறவாணத்துக்குக் கீழே மூலைக் கம்பத்தின் தலையில் கவிழ்த்து வைத்தார். அது காயக் காய நோவும் காயும் என்பது நம்பிக்கை. மண்கட்டி காய்ந்தது. குதிரைக்கு ஒன்றும் காயவில்லை.

டாக்டர் சில்வினா பென்தாங்கூர் ரப்பர் பூட்சோடு இறங்கினாள். முப்பது வயதுக்கு மேல் இராது. முதலில் குதிரையின் தோளைத்தான் பார்த்தாள். முடி உதிர்ந்து, இரண்டு கை அகலத்துக்குத் தோல் தடித்து இறுகியிருந்தது.

"இது யார் போட்ட புண்ணு?"

"மருந்து" என்றார் எலாதியோ.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தக் கேட்காமை அவருக்குப் பிடிக்கவில்லை.

"கயித்தைப் புடிச்சு ஓட்டிக் காட்டுங்க தாத்தா."

தாத்தா என்றதும் பிடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து ஓடினார். போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது.

"உங்களுக்கு எந்தக் கால்னு படுது?"

"இடது முன்னங்கால். சப்பை. நெஞ்சு விரிஞ்சது. சின்னப் புள்ளைகூடச் சொல்லும்."

"எனக்கு இன்னும் தெரியல" என்றாள் டாக்டர்.

எலாதியோ அடுக்களைப் பக்கம் திரும்பி, "நெலிதா, கேட்டியா? படிச்சவங்களுக்குத் தெரியலையாம்!" என்று சத்தம் போட்டார்.

"தெரியலைன்னு சொல்றதுக்கும் படிக்கணும் போல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டாக்டர் பெரிய குறடு ஒன்றை எடுத்து, இடது முன்குளம்பைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து, ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தாள். நுனியில் குதிரை சும்மா இருந்தது. பின்னால் குதிகால் பக்கம் வந்ததும் காலை வெடுக்கென்று பிடுங்கியது. வலது காலுக்குப் போனாள். அங்கேயும் குதியில் பிடுங்கியது.

"அதுக்குக் கூச்சம்" என்றார் எலாதியோ.

"இருக்கலாம். அதனாலதான் ஊசி போட்டுப் பாக்கப் போறேன். இடது குளம்புக்கு மேல, பின்பக்கம். குதிக்குப் போற உணர்ச்சி மட்டும் கொஞ்ச நேரம் மரத்துப்போகும். நீங்க சொல்ற மாதிரி சப்பையில வலின்னா, குதி மரத்தாலும் குதிரை இப்படியேதான் நொண்டும். சரிதானே?"

சரிதான். மறுத்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஊசி ஏறும் வரை பத்து நிமிஷம் நின்றார்கள். நெலிதா தட்டில் பொரித்த மாவு வட்டமும் மாத்தேயும் கொண்டுவந்தாள். டாக்டர் இரண்டு குடுவை குடித்துவிட்டு, "நன்றிம்மா" என்று கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் நன்றி சொன்னால் போதும், இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். நெலிதா அடுத்த முறை அவளைத் தாண்டி மிர்த்தாவுக்கு ஊற்றினாள். டாக்டர் பேனா முனையால் குதியைக் குத்திப் பார்த்தாள். குதிரை அசையவில்லை.

"இப்ப நீங்க ஓட்டாதீங்க. ஓட்டுறவங்களுக்குத் தெரியாது. நின்னு பாருங்க. அம்மா, நீங்க கொஞ்சம் வர்றீங்களா?"

நெலிதா மாவுக் கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். "கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி ஓடல" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கலாந்திரியா பத்தடி வைத்தது. வலது கால் தரையில் பட்டபோதெல்லாம் தலை விருட்டென்று மேலே போனது. கிணற்று ஏற்றம் மாதிரி ஏறி இறங்கியது. கண்ணில்லாதவனுக்கும் தெரிகிற நொண்டல். வலது காலில்.

எலாதியோவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏம்மா! நல்லா இருந்த காலையும் சேத்துக் கெடுத்துட்டியேம்மா! வலதுல ஒண்ணுமே இல்லாம இருந்துச்சே!"

டாக்டர் கோபப்படவில்லை. "தாத்தா, ஒரு கட்டிலை ரெண்டு பேர் தூக்கிட்டுப் போறாங்க. ரெண்டு பேருக்கும் முதுகுவலி. ரெண்டு பேரும் மெதுவா, அடியைக் குறுக்கி, சமமா நடப்பாங்க. பாக்கிறவனுக்கு யாருக்கு வலின்னே தெரியாது, ஆளுங்க சோம்பேறிங்கன்னு நெனச்சுக்குவான். ஒருத்தனுக்கு மட்டும் மருந்து குடுத்துட்டா மத்தவன் கத்துவான்ல? நான் வலது காலைத் தொடவே இல்ல. அது இத்தனை நாளாக் கத்த முடியாம இருந்துச்சு."

வலது குளம்புக்கும் ஊசி போட்டாள். மறுபடி பத்து நிமிஷம். நெலிதா மறுபடி கயிற்றைப் பிடித்தாள்.

கலாந்திரியா ஓடியது. இரண்டு மாதமாக யாரும் பார்க்காத ஓட்டம். எட்டு நீண்டு விழுந்தது. தலை ஆடாமல் நின்றது. நெலிதாவால் கூட ஓட முடியாமல் கயிற்றை விட்டுவிட்டாள். குதிரை வேலி வரைக்கும் போய்த் திரும்பி, காதைத் தூக்கி அவர்களைப் பார்த்தது. மிர்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள். நெஞ்சு விரிந்த குதிரை அப்படி ஓடாது. அதை எலாதியோவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"குணமாயிருச்சுன்னு நெனைக்காதீங்க. மரத்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள் டாக்டர். குளம்பைத் தூக்கி விரலால் காட்டினாள். "நோவு இங்க. நுனி எவ்வளவு முன்னால போயிருக்கு பாருங்க. குதி நசுங்கி உள்ள மடங்கியிருக்கு. ஒவ்வொரு அடிக்கும் குதிக்குள்ள இருக்கிற சின்ன எலும்பையும், அதைச் சுத்தி வர்ற தசைநாரையும் இழுத்துப் புடிக்குது. எலும்பு எவ்வளவு கெட்டிருக்குன்னு படம் எடுத்தாத்தான் தெரியும்."

மிர்த்தா முன்னால் வந்தாள். "டாக்டர், ஜூன்ல ஆத்துத் துறையில வழுக்குச்சு. அதனால வந்ததா?"

"ஒரு வழுக்கல்ல ரெண்டு குதியும் ஒரே மாதிரி கெடாதும்மா. இது ரெண்டு மூணு வருஷமாச் சேர்ந்தது. வழுக்கினது அதை வெளிய கொண்டுவந்திருக்கும், அவ்வளவுதான். சில குதிரைக்குப் பிறவியிலேயே வாகு இருக்கும். ஆனா இந்த மாதிரி நுனியை நீளமா விட்டு, லாடத்தைக் குதிக்குக் குறுக்கா அடிச்சா, வாகு இல்லாததுக்கும் வரும்." காலை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். "யாரு லாடம் அடிக்கிறது?"

கொட்டகைச் சுவரில் சுத்தியலும் அரமும் குறடும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில்தான் எலாதியோ நின்றிருந்தார்.

"அங்கங்க கொண்டுபோறதுதான்" என்றார். "கைக்கு அம்புடுற ஆளுகிட்ட."

நெலிதா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிர்த்தா தரையைப் பார்த்தாள். டாக்டர் சுவரை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள்.

"அந்த ஆளைப் பாத்தா சொல்லுங்க. லாடத்தைக் கழட்டிட்டு, நுனியைக் குறைச்சு, குதியைத் தூக்கிவிடணும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. தோளுக்கு இனிமே ஒண்ணும் தேய்க்க வேண்டாம். ஜாக்கிரதையா வெச்சுக்கிட்டா இன்னும் பல வருஷம் சுமக்கும். நாலுகால் பாய்ச்சல் மட்டும் கேக்காதீங்க." ஒரு தாளில் எழுதி, அவரிடம் நீட்டாமல் மிர்த்தாவிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் எர்மெஸ் பின்தோஸ் வந்தான். டாக்டர் வண்டி வந்தது நாலு வேலிக்கு அப்பாலும் தெரிந்திருந்தது.

"என்ன அண்ணே, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

தாள் மேசையில் உப்புக் கிண்ணத்துக்கு அடியில் இருந்தது. எலாதியோ கண்ணாடியை மாட்டி, முதல் வரியை விரலால் தொட்டுப் படித்தார். "இடது முன்னங்கால்."

"அதைத்தான் நீங்க அன்னிக்கே சொன்னீங்களே!" எர்மெஸ் தொடையைத் தட்டினான். "இதுக்கு ஒரு டாக்டர் வேறயா? உங்க கண்ணு கண்ணுதான் அண்ணே. நம்ம செவலைக் குதிரையும் கொஞ்ச நாளாக் கல்லுல பட்டும் படாம கால் வைக்குது. ஞாயித்துக்கிழமை வந்து புது லாடம் அடிச்சுக் குடுத்துருங்க. ரெண்டு வருஷமா உங்க கையைத் தவிர வேற ஆள் கையே அதுல படல."

எலாதியோ பார்க்கலாம் என்றோ என்னவோ முனகினார். எர்மெஸ் போகும்வரை மிர்த்தா பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குதிரை வேலி தாண்டியதும் தாளை எடுத்தாள்.

"மீதியும் படிக்கட்டுமா?"

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"தெரியும்பா. அதனாலதான் முதல் வரியோட நிறுத்திட்டீங்க." அவள் குரலை உயர்த்தாமல் படித்தாள். "இடது முன்னங்கால் குதி மரத்ததும் நொண்டல் வலது முன்னங்காலுக்கு மாறியது. வலது குதியும் மரத்ததும் நொண்டல் இல்லை. தோளில் நோவு இல்லை. நெஞ்சில் நோவு இல்லை. காரணம், குளம்பின் அமைப்பும் லாடமும்." தாளை மடித்தாள். "இதுல வில்மார் எங்கயும் இல்லப்பா. நானும் தேடிப் பாத்தேன்."

"நான் என்ன..."

"நான் செத்துருவேன்னு பயந்துதான் அவரு அந்தக் குதிரையில ஏறினாரு. அதுக்குப் பதினஞ்சு பேர் முன்னாடி நீங்க குடுவையைத் தாண்டிக் குடுத்தீங்க. ஞாயித்துக்கிழமை நான் வடக்க போறேன். புள்ள அங்கயே பொறக்கட்டும். அதோட அப்பன் மேல பழி இருக்கிற வீட்டுல பொறக்க வேண்டாம்."

"இந்த வயித்தோட, அந்த மரம் வெட்டுறவங்க தகரக் கூடாரத்துலயா?" நெலிதா அடுப்பிலிருந்து திரும்பினாள். ஆனால் மகளைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். "டாக்டர் கேட்டப்ப உன் வாயில இருந்து வந்துச்சே, 'அங்கங்க'ன்னு. முப்பது வருஷத்துல நான் உன்னை அப்படிப் பாத்ததில்ல. குதிரைகூடத் தலையைத் திருப்பிக்கிச்சு."

குதிரை அப்போது வேறு பக்கம் நின்றிருந்தது. எலாதியோ அதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை முழுவதும் அவர் லாடத்தைத் தொடவில்லை. வியாழக்கிழமை தூறல் விட்டதும் குறடை எடுத்துப் போய்க் கழற்றினார். கழற்றிய லாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நல்ல வேலைதான். ஆணி ஆறும் ஒரே கோட்டில் ஏறியிருந்தன. அந்த டாக்டர் புள்ளைக்கு வயது என்ன, முப்பது வருஷத்துக்கு மேல் லாடம் அடித்தவனுக்குத் தெரியாததா என்று மனசின் ஒரு மூலை இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மூலைக் கம்பத்தின் மேல் கவிழ்ந்து கிடந்த மண்கட்டி கண்ணில் பட்டது. வைத்த நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை, தொடக்கூடாது. காய்ந்த புல்வேர் மேலே நரைமுடி மாதிரி நின்றது. இரண்டு கையாலும் எடுத்து மெதுவாகத் திருப்பினார்.

களிமண் ஒன்றையும் மறைக்காமல் காப்பாற்றி வைத்திருந்தது. நுனி துருத்தி முன்னால் நீண்டு போயிருந்தது. குதிப் பக்கம் லாடத்தின் இரண்டு முனையும் கூடி, நெருங்கி, குளம்பின் நடுவிலிருந்த சதை மெத்தையை நெரித்துக்கொண்டு நின்றன. நுனி ஆழமாகப் பதிந்திருந்தது. குதி பட்டும் படாமல் இருந்தது. குதியை ஊன்ற முடியாமல் அது நுனியில் நடந்திருந்தது. இந்த ஒரு அடியைப் பார்த்தாலே போதும். அடுத்தவன் குதிரையாக இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து சொல்லியிருப்பார். தானே கத்தியால் அறுத்து எடுத்து, முகத்தைக் கீழே போட்டுக் கவிழ்த்து, சிலுவையும் போட்டு வைத்திருந்தார்.

அங்கேயே சாணி மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் கொதித்தது. பார்க்க யாரும் இல்லாமலே கொதித்தது.

சனிக்கிழமை காலை கட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். நெலிதா எங்கே என்று கேட்கவில்லை. அவித்த கறியும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். வழியில் எர்மெஸின் வேலியில் நின்று குரல் கொடுத்தார்.

"எர்மெஸ்! செவலையோட லாடத்தைக் கழட்டிப் போடு. டாக்டரம்மாகிட்டக் காட்டு."

"ஏன் அண்ணே, நீங்க வர்றீங்கன்னுதானே..."

"நான் அடிச்சதாலதான் அது அப்படி நடக்குது. என்னதும் அப்படித்தான்."

எர்மெஸ் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தான். நகைச்சுவை இல்லை என்று தெரிந்ததும் மூட மறந்து நின்றான்.

பஸ் நாலு மணி நேரம் சரளைச் சாலையில் குதித்துக் குதித்துப் போனது. சாக்கை மடியில் வைத்திருந்தார். வில்மார் முன்னால் இதை வைத்தால் போதும், அவனும் குதிரைக்காரன், பார்த்துப் புரிந்துகொள்வான், வாய் திறக்க வேண்டியிராது. இதுதான் அவர் கணக்கு. சந்திப்பில் இறங்கி, மரம் ஏற்றப் போகிற லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு மீதி வழியைக் கடந்தார்.

மதிய ஓய்வு நேரம். பைன் மரப் பிசின் வாசனையோடு எட்டுப் பேர் கட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தீ, கெட்டில். வில்மார்தான் மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்து இளைத்திருந்தான். மாமனாரைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"மிர்த்தாவுக்கு என்ன மாமா?"

"நல்லா இருக்கா. வயித்துப் புள்ளையும் நல்லா இருக்கு. நான் வேற ஒண்ணைக் காட்ட வந்தேன்."

மண்டியிட்டுச் சாக்கைப் பிரித்தார். உள்ளே ஒரு படி மண் இருந்தது. கொஞ்சம் புல்வேர். கையை விட்டுத் துழாவினார். விரல் அளவுக்குக்கூட ஒரு துண்டு முழுதாக இல்லை.

"என்ன பெருசு, விதை கொண்டுவந்தீங்களா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எலாதியோ மண்ணைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பிப் போய்விடலாம்; லாரி இன்னும் கிளம்பவில்லை. பிறகு எழுந்து தொப்பியைக் கழற்றினார். முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கெட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க யாரும் எனக்குத் தெரிஞ்சவங்க இல்ல. இருந்தாலும் கேட்டுக்குங்க. இவன் என் குதிரையைக் கெடுத்துட்டான்னு ஊர் முன்னாடி இவனைத் தாண்டி மாத்தே குடுத்தேன். இவன் கெடுக்கல. ரெண்டு குளம்பும் நான் அடிச்ச லாடத்துல கெட்டுச்சு. ரெண்டு மூணு வருஷமா. டாக்டர் யாரு அடிச்சதுன்னு கேட்டப்பகூட, நான் இல்லேன்னு பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"குதிரை எப்படி இருக்கு?" என்றான் வில்மார்.

"லாடத்தைக் கழட்டிட்டேன். மண்ணுல கொஞ்சம் ஊனுது."

"நானும் வழுக்கினதாலதான்னு நெனச்சேன் மாமா. தினமும் நெனச்சேன்."

அவன் மேல் பழி போட்டது எலாதியோவுக்குத் தெரியும். அவனும் அதை நம்பிச் சுமந்துகொண்டிருந்தான் என்பது தெரியாது. தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

வில்மார் உட்கார்ந்தான். கெட்டிலை எடுத்துக் குடுவையை நிரப்பி, வலப்பக்கம் இருந்தவனுக்குக் கொடுத்தான். அவன் உறிஞ்சித் திருப்பினான். அடுத்தவன். அதற்கடுத்தவன். சுற்று வந்துகொண்டே இருந்தது. எலாதியோ நின்றுகொண்டிருந்த இடத்துக்கு முன்னால் இருந்தவன் குடித்து முடித்துக் கொடுத்தான். வில்மார் தண்ணீரை ஊற்றினான்; நுரை கட்டி அடங்கும்வரை குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டினான்.

தண்ணீர் ஆறிப்போயிருந்தது, இலை சாரம் போய் வெளுத்திருந்தது. எலாதியோ கடைசி வரை உறிஞ்சினார். நன்றி என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை அங்கேயே விழுங்கிவிட்டு, குடுவையை வாய் திறக்காமல் திருப்பிக் கொடுத்து, கட்டையில் ஓரமாக உட்கார்ந்து, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார்.